கொழுந்து கிள்ளிய வருஷம்

வேர்க்காட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். நான் மேஸ்திரி வேலையை விட்டு மூன்று மழைக்காலம் ஆகிறது. என் முட்டிகள் இரண்டும் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டன. மிச்சமிருப்பது வாய் ஒன்றுதான், அதற்கும் வீட்டில் மதிப்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாயவேர் விதையை மணலோடு எப்படிக் கலந்து தூவுவது, ஆட்டுப்புழுக்கை எவ்வளவு போடுவது, பனை ஓலையை எப்போது விலக்குவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் பக்கத்து வரிசையில் குனிந்திருப்பவரே ஒரு காலையில் காட்டிவிடுவார். பழவேற்காட்டுச் சிவப்புத் துணியைக் கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தர் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சிவப்பு நம் மணலுக்குள் நூல் போல இறங்கும் ஒரு வேரின் தோலில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாமலா இந்த வெயிலில் வந்து நிற்கிறீர்கள்?

நான் எழுதப்போவது கைச்சோதனையைப் பற்றி. நீங்கள் இன்னும் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வேர் தோண்டி, உலர்த்தி, கட்டுக் கட்டியதும் சாயப்பட்டறைப் பெரியவர் வருவார். ஒரு கட்டிலிருந்து ஒரு வேரை உருவி உயர்த்திப் பிடித்து, "யார் கை?" என்று கேட்பார். மூன்று தடவை கேட்பார். வளர்த்தவர் "என் கை" என்று சொல்லி உள்ளங்கையை நீட்ட வேண்டும். அந்தக் கையிலேயே வேர்த்தோலை வைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுத் தேய்ப்பார். ரத்தச் சிவப்பு பிடித்தால் வேர் பட்டறைக்குப் போகும், வளர்த்தவர் வீட்டுக்கு அந்தப் பருவத்து அரிசி வரும். வெளுத்தால் இரண்டும் இல்லை.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. மேஸ்திரி சொல்லி வளர்ப்பு முறை மாறியிருந்தால், வளர்த்தவர் கையை நீட்டக் கூடாது. மேஸ்திரிதான் "என் கை" என்று முன்னால் வர வேண்டும். வேர் வெளுத்தால் அவன் வேலை போகும். வளர்த்தவருக்கு அரிசி குறையாது. நான் சொல்லப்போகும் கதைக்கு இந்த ஒரு வழக்கம் போதும். மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேர்க்குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. நெசவுக்காரன் மகன். தறிக்கு நான் ஒத்துவரவில்லை, எனக்குத் தறியும் ஒத்துவரவில்லை. ஒல்லாந்தருக்கு மொழி பெயர்த்துத் துணி வாங்கிக் கொடுக்கிற துபாஷியோடு நாலு வார்த்தை துணிச்சலாகப் பேசியதில், இவனுக்கு வாய் இருக்கிறது என்று வேர்க்காட்டு மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். வாயால் வந்த வேலை. வாய் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் அதை மூடிக்கொண்டேன்.

எல்லம்மா வந்தது என் நாலாவது வருஷத்தில். அவள் ஏரியில் கையால் தடவி எறா பிடிக்கிறவள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்களே, அந்தக் கூட்டம். அவள் புருஷன் கன்னியப்பனும் அதே தொழில்தான். ஆனால் ஒரு திருக்கை மீன் அவன் வலது கையில் முள்ளை இறக்கிவிட்டது. கை சூம்பிப் போயிற்று. அதே சமயத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வராவிட்டால் எறாவும் வராது. வீட்டில் இரண்டு வாய், ஒரு கை. அவள் என்னிடம் வந்து ஒரு பாத்தி கேட்டாள்.

வேர்க்குடும்பத்தார் முணுமுணுத்தார்கள். "எறா புடிக்கிறவளுக்கு வேரப் பத்தி இன்னா தெரியும்?" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். எல்லம்மா அங்கேயே உட்கார்ந்து, ஒரு செடியின் அடியில் மணலுக்குள் விரலை விட்டாள். செடி அசையவில்லை. சேற்றில் எறாவைத் தேடும்போது செய்வது போலவே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சாண் போயிகீது மேஸ்திரி. அப்பால இன்னாவோ இடிக்குது. வேரு வளைஞ்சி சுத்திகினு போவுது."

நான் தோண்டிப் பார்த்தேன். சரியாக ஒரு சாண் ஆழத்தில் கிளிஞ்சல் படிவு. வேர் அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வளைந்து இறங்கியிருந்தது. முணுமுணுத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அவளுக்குத் தாழை வேலி ஓரத்துப் பாத்தியைக் கொடுத்தேன்.

முதல் வருஷம் அவள் பாத்தி நன்றாகவே வந்தது. சாயவேர் இரண்டு வருஷப் பயிர், அவசரக்காரனுக்கு ஆகாது. இரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. ஐப்பசியில் நாலு தூறல், கார்த்திகையில் அதுவும் இல்லை. ஏரி ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாகக் கோட்டையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். கோட்டையில் என்ன இருந்தது? அரிசி இருந்தது. அது கப்பல் ஏற ஒப்புக்கொள்கிறவர் வீட்டுக்குக் கிடைத்தது. ஒரு ஆள் ஏறினால் வீட்டுக்கு ஒரு மூட்டை. ஏறினவர் கிழக்கே எந்தத் தீவுக்குப் போவார், எந்த எஜமானுக்கு அடிமையாவார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் மூட்டையைத் தூக்க மனம் வராது.

அப்போதுதான் துபாஷி வந்து, கப்பல் முந்திப் புறப்படுகிறது, தை முடிவதற்குள் வேர் தோண்டியாக வேண்டும் என்றார். எங்கள் கணக்கில் இன்னும் மூன்று மாதம் இருந்தது. மாதிரிக்கு இரண்டு செடி பிடுங்கிப் பார்த்தேன். வேர் ஒரு சாணைத் தாண்டவில்லை. நானோ போன வருஷம் துபாஷியிடம், இந்தத் தடவை முழ நீளத்துக்குக் குறையாது என்று வாய்விட்டு வைத்திருந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ளுமாம். நான் மூட்டையாகவே போட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் ஆட்டுப்புழுக்கை வாங்க எளாவூர் போனேன். அங்கே ஒருவன் கிணற்றுப் பாசனத்தில் புகையிலை போட்டிருந்தான். செடிச் செடியாகப் போய் உச்சிக் கொழுந்தைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "கொழுந்து தின்ற பலம் எலைக்கு எறங்கும்" என்றான். அவன் செடியில் இலைகள் விசிறி விசிறியாக இருந்தன. எனக்குப் பொறி தட்டியது. கொழுந்தைக் கிள்ளினால் பலம் கீழே இறங்கும் என்றால், நம் செடியில் அது வேருக்குத்தானே இறங்கும்? வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

வேர்க்குடும்பத்தார் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க பாட்டன் காலத்துலகூட கொழுந்துல கைய வெச்சது கெடையாது. ஒங்க பாத்தில வேணா வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேஸ்திரிக்கு ஏது பாத்தி? மறுக்க முடியாத ஒருத்தியின் பாத்தி இருந்தது. அங்கே போனேன்.

எல்லம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "தலைய கிள்ளினா காலு வளருமா மேஸ்திரி?"

"புகையிலைக்காரன் முட்டாளா?"

"அவுனுக்கு எல வோணும், கிள்றான். நமக்கு இன்னா வோணும்?"

பதில் தெரியாதபோது மேஸ்திரிகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். குரலை உயர்த்தினேன். "தண்ணி இல்லன்னா வேரு தானா தேடிகினு கீழ போவும். அது போயிகினுதான் கீது. நாம சொம்மா இருந்தா போதும்" என்றாள். "சும்மா இருக்கவா மேஸ்திரி வெச்சிருக்காங்க?" என்றேன். பாத்தி நான் கொடுத்தது, நான் எடுக்கவும் முடியும். அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, இருவருக்கும் தெரியும்.

கிள்ளி முடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு வரிசையிலும் ஒவ்வொரு செடியாகக் கிள்ளினாள்.

பத்து நாளில் பாத்தி எப்படி ஆயிற்று தெரியுமா? கண்ணைப் பறித்தது. உச்சி போனதும் செடி பக்கவாட்டில் கிளை கிளையாக வெடித்துப் பரவியது. சுற்றியுள்ள பாத்திகள் சோர்ந்து கிடக்க, அவளுடையது மட்டும் பச்சைப் பாயாக இருந்தது. வேர்க்குடும்பத்தாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் பாத்திகளுக்குத் திரும்பிவிட்டார்கள். எல்லம்மா மட்டும் மணலில் விரலை விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேரு நின்னு போச்சு மேஸ்திரி."

"நின்னு போறதுன்னா?"

"போவல. அன்னிக்கு எங்க இருந்துதோ அங்கியே கீது. மேலேந்து எதுவோ வரும்னு காத்துகினு கீற மாதிரி கீது."

நான் சிரித்தேன். மேலே இவ்வளவு பச்சை இருக்க, கீழே மட்டும் எப்படி இல்லாமல் போகும்? பிள்ளைகளே, நம் தொழிலில் நம்மை ஏமாற்றுவது பட்டுப்போன செடி அல்ல, பச்சையாக இருக்கும் செடிதான். பட்டுப்போனதைப் பார்த்தால் உடனே குனிவோம். பச்சையாக இருந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்போம்.

தை பிறந்தது, தோண்டினோம். மற்றவர்கள் வேர் முழத்தை எட்டவில்லை, ஆனாலும் ஒன்றரைச் சாண் இறங்கியிருந்தது. வறட்சியில் அது தானாகவே தேடிக்கொண்டு போயிருந்தது, அவள் சொன்னபடியே. எல்லம்மாவுடையது ஒரு சாண்தான். தடித்திருக்கவும் இல்லை. பதினொரு வரிசை தோண்டியதும் நான் போதும் என்றேன். தாழை ஓரத்து வரிசை அப்படியே நின்றது. அதையும் தோண்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் கைச்சோதனை. பட்டறைப் பெரியவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். துபாஷி குடை பிடித்தபடி நின்றார். ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். சிவந்தது, சிவந்தது, கொஞ்சம் மட்டாகச் சிவந்தது. பெரியவர் எல்லம்மா கட்டிலிருந்து ஒரு வேரை உருவினார். அதைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

"யார் கை?"

நான் பெரியவருக்கு நாலு அடி தள்ளி நின்றேன். முன்னால் வர நாலு அடிதான். என் கால் விரலைப் பார்த்தேன். துபாஷியின் செருப்பைப் பார்த்தேன். வேலை போனால் தறிக்குத் திரும்ப வேண்டும். தறியிலும் அந்த வருஷம் வேலை இல்லை. என் வீட்டிலும் வாய்கள் இருந்தன. இதெல்லாம் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பயங்கரம்.

"யார் கை?"

வாயைத் திறந்தேன். மெய்யாகத் திறந்தேன். எல்லம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. சேற்றில் விரல் வைத்து, உள்ளே இருக்கிறதா இல்லையா என்று காத்திருப்பாளே, அப்படிப் பார்த்தாள். என் தொண்டையிலிருந்து இருமல் மட்டும் வந்தது.

மூன்றாவது தடவை பெரியவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள். "என் கை" என்றாள். உள்ளங்கையை நீட்டினாள். பெரியவர் சுண்ணாம்பு தொட்டுத் தேய்த்தார். மஞ்சளாக ஒரு கறை வந்தது, அவ்வளவுதான். "இத வளத்தவளுக்கு வேலை தெரியல" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். அடுத்த கட்டைக் கேட்டார்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள். நான் அங்கேயே நின்று மீதிச் சோதனையை நடத்தினேன். நன்றாகவே நடத்தினேன் என்று துபாஷி பாராட்டினார்.

நாலாம் நாள் கன்னியப்பன் என்னைத் தேடி வந்தான். சூம்பின கையை மற்றக் கையால் பிடித்திருந்தான். "எல்லம்மா காலைலேயே கோட்டைக்குப் போயிகீறா மேஸ்திரி. ஊட்டாண்ட அரிசி மூட்டை வந்து எறங்கிகீது. நான் வேண்டவே இல்ல. சத்தியமா நான் வேண்டவே இல்ல" என்றான். அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவள் சொல்லியிருக்கவில்லை.

கடற்கரைக்கு ஓடினேன். உச்சிவெயில். கப்பல் தூரத்தில் நின்றது, படகுகள் அலையைத் தாண்டி ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. கரையில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் அவள். பறியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். போகிற இடத்திலும் ஏரி இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. காவலனிடம் கெஞ்சி அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"எல்லம்மா, எழுந்திரு. நான் இப்பவே பட்டறைக்குப் போய்ச் சொல்றேன். என் கைன்னு சொல்றேன்."

"அரிசி ஊட்டுக்குப் போயிட்சி மேஸ்திரி. அவரு சோத்துக்கு ஒலையும் வெச்சிருப்பாரு. இனிமே யாரு உடுவாங்க என்னிய?"

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா." அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு 'ஆமா'வை நான் அதற்குப் பிறகு தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு பதில் தேடிப்பிடித்திருப்பேன்.

வரிசை நகர்ந்தது. எழுந்தாள். ஏதோ மறந்துவிட்டவள் போலத் திரும்பினாள்.

"மேஸ்திரி, தாழ ஓரத்து வரிசைய யாரும் தோண்டாம பாத்துக்கோங்க. நேத்து போயி கைய வெச்சிப் பாத்தேன். பக்கக் கெளைங்கள்ல புதுக் கொழுந்து நிமிந்துகீது. வேரு மறுபடியும் நகருது. அதுக்கு நாளு மட்டும் குடுத்தா போதும்."

படகு ஏறும்போது பறியின் காதைப் பல்லில் கடித்துக்கொண்டாள், இரண்டு கையாலும் படகைப் பிடித்து ஏற வேண்டியிருந்ததால். ஏரிக்குள் இறங்கும்போதும் அப்படித்தான் இறங்குவாள். அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று மாலையே பட்டறைப் பெரியவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நூல் அலசிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. "சோதன முடிஞ்ச கைக்கு மறுசோதன கெடையாது. போயி ஒன் வேலயப் பாரு" என்றார். நான் தண்டனையை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் என் வேலையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதை இருபத்தைந்து வருஷம் செய்தேன்.

கன்னியப்பனிடமும் சொன்னேன். என் வீட்டு அரிசியில் பாதியை மாதாமாதம் கொண்டுபோய் அவன் வாசலில் வைப்பேன். எடுத்துக்கொள்வான், சாப்பிடுவான். எனக்கு ஒரு வார்த்தை கொடுக்க மாட்டான். அவன் செய்தது சரிதான்.

அந்த வரிசைக்கு வருவதற்கு முன், பின்னால் பல வருஷங்கள் நான் தனியாகச் செய்து பார்த்த சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். பைத்தியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். உச்சியை வெட்டினால் வேர் ஏன் நிற்கிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஓர் ஓரத்தில் பத்துச் செடி எனக்கென்று வைத்துக்கொண்டேன். ஐந்துக்குக் கொழுந்தைக் கிள்ளினேன், ஐந்தைச் சும்மா விட்டேன். கிள்ளியதில் வேர் உடனே நிற்கவில்லை. சில நாள் ஓடியது, தன்னிடம் கையிருப்பு வைத்திருந்தது போல. பிறகு நின்றது. பக்கக்கிளைகளில் புதுக் கொழுந்து நிமிர்ந்ததும் மறுபடி ஓடியது.

நந்தியாவட்டைக் கிளை ஒன்றில் வளையமாகப் பட்டையைச் சீவிவிட்டு ஈரமண் வைத்துக் கட்டினேன். சீவின இடத்துக்கு மேல்பக்கம் வீங்கி அங்கேயே வேர் விட்டது. கீழ்ப்பக்கம் ஒன்றுமில்லை. மேலிருந்து இறங்கி வந்த ஏதோ ஒன்று, வழி அடைபட்டு அங்கே தங்கியிருக்க வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறை ஈரத்துணியில் படுக்கவைத்தேன். பொழுது சாய்வதற்குள் வேர் கீழ்நோக்கி வளைந்தது. வேரின் நுனியைக் கிள்ளிவிட்டுப் படுக்கவைத்தால் வளையாமல் அப்படியே நீண்டது. ஆக, மேலிருந்து வருவதை வாங்கி, இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் அவ்வளவு என்று பங்கு வைப்பது நுனி. அதற்குக் கண் இல்லை, ஆனாலும் அளவு தெரிகிறது.

அந்த 'ஏதோ ஒன்று'க்கு எனக்குப் பெயர் தெரியாது. கொழுந்தில் ஊறுகிறது, வேருக்கு இறங்குகிறது. வேர் தனக்கு வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தைப் பூட்டி வைக்கிறது என்பது என் யூகம். யூகம்தான், அடித்துச் சொல்ல மாட்டேன். அடித்துச் சொல்லி ஒரு தடவை பார்த்தாயிற்று. ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்: செடிக்குள் ஒரு அளவுக்காரன் இருக்கிறான், அவன் நம்மைவிட நல்ல மேஸ்திரி. நாம் குழப்பினாலும் அவன் மறுபடி சரி செய்துகொள்கிறான். நாள் கொடுத்தால் போதும். எல்லம்மா ஒரு விரலை வைத்து அறிந்ததை அறிய எனக்கு எட்டு வருஷமும் ஒரு குடும்பமும் செலவாயிற்று.

சரி, அந்த வரிசை.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. முகத்துவாரம் உடைத்துக்கொண்டு திறந்தது, ஏரிக்கு எறா வந்தது. எல்லாம் வந்தது. தாழை ஓரத்து வரிசையை நான் யாரையும் தொடவிடவில்லை. தை மாதம், அவள் போய் ஒரு வருஷம் ஆன அதே பருவத்தில், ஒரு காலை நேரத்தில் கடப்பாறையோடு போனேன். ஒரு சாண் தோண்டினேன், வேர் போய்க்கொண்டிருந்தது. கிளிஞ்சல் படிவைச் சுற்றி வளைந்து இறங்கியிருந்தது. ஒரு முழம் தோண்டினேன், இன்னும் போய்க்கொண்டிருந்தது. கடப்பாறையைப் போட்டுவிட்டுக் கையால் மணலைப் பறித்தேன். ஒன்றரை முழம். அந்தக் காட்டில் நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வேரைக் கண்டதில்லை. நான் கிள்ளச் சொன்ன செடி அது. குழிக்குள் உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அலசி, நிழலில் உலர்த்தி, கட்டுக் கட்டினேன். பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. கன்னியப்பன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவன் வாசலில் ஒரு கையால் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். கட்டை அவன் முன்னால் வைத்தேன். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பை எடுத்து வைத்தேன்.

அவன் ஒன்றை உருவி, உயர்த்திப் பிடித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினான்.

"யாரு கை?"

"எல்லம்மா கை."

அவன் விடவில்லை. வழக்கத்தை விடக் கூடாது என்பது போல இரண்டாவது தடவையும் கேட்டான். "எல்லம்மா கை" என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டான். நான் பதில் சொன்னேன். நீட்டுவதற்கு அவள் கை அங்கே இல்லை. அவன் தன் சூம்பின கையை மற்றக் கையால் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, என் முன்னால் நீட்டினான்.

வேர்த்தோலை வைத்து, சுண்ணாம்பைத் தொட்டுத் தேய்த்தேன். சிவந்தது.

ஒரு நாள் உங்கள் முதல் கைச்சோதனையும் வரும். பெரியவர் மூன்று தடவை கேட்பார். மூன்று தடவை என்பது நிறைய நேரம் என்று தோன்றும். அங்கே நிற்கும்போது அது போதவே போதாது. உங்களுடையது என்றால், முதல் தடவையே சொல்லிவிடுங்கள்.